டப்பாவும் தாட்சண்யமும்

ஒருவர் வீட்டுக் கூடத்தில் தெரிந்தவர்களைக் கூட்டி, பஜ்ஜி போட்டுக் கொடுத்து, இன்னொருவரைப் பேசவிட்டு, தேவை என்று அதுவரை யாருக்கும் தோன்றியிராத ஒரு பொருளை வந்தவர்கள் தலையில் கட்டி அனுப்புவது வீட்டு விருந்து விற்பனை எனப்படும். இதற்குக் கடை வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், கல்லாப்பெட்டி கூட வேண்டாம். கடைக்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அடுப்படியில் வியர்க்க வியர்க்க நின்று பஜ்ஜி சுட்டவரிடம் அப்படிச் சொல்ல வாய் வராது. வாய் வராத அந்த நிலைக்குத் தாட்சண்யம் என்று பெயர். தொழிலின் மூலதனம் அதுதான். டப்பா, முகப்பூச்சு, கவரிங் நகை, நைட்டி எல்லாம் அதை அளந்து ஊற்றும் படிகள்.

அமெரிக்காவில் இந்த முறையைப் பெரிதாக நடத்திக் காட்டியது, 1931-இல் தொடங்கி பிரஷ்ஷும் துடைப்பமும் விற்ற ஸ்டான்லி ஹோம் ப்ராடக்ட்ஸ் கம்பெனி. பெயர் வாங்கிக் கொண்டதோ டப்பர்வேர். எர்ல் டப்பர் என்பவர் பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சிய பாலிஎத்திலீன் கழிவைப் பக்குவப்படுத்தி, பெயின்ட் டப்பா மூடியைப் பார்த்து மூடி செய்து, 1946-இல் விற்பனைக்கு வைத்தார். கடையில் அது போணியாகவில்லை. வாங்கியவர்களுக்கு மூடத் தெரியவில்லை. நடுவில் அழுத்தி, ஓரத்தைத் துளி தூக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்; அப்போது டப்பா சின்னதாக ஓர் ஏப்பம் விடும். ஏப்பம் வந்தால் மூடிவிட்டது என்று பொருள். இதை யாராவது கூட இருந்து செய்து காட்ட வேண்டியிருந்தது.

செய்து காட்டியவர் பிரௌனி வைஸ். கணவரை விட்டுப் பிரிந்து மகனை வளர்த்தவர். ஸ்டான்லி சாமான்களை விற்றுக் கை பழகியவர். டப்பாவில் திரவத்தை நிரப்பி மூடி, கூடத்தின் குறுக்கே வீசிக் காட்டுவது அவருடைய பாணி. 1951-இல் டப்பர் அவரைத் துணைத் தலைவராக்கி, கடைகளில் இருந்த சரக்கை எல்லாம் திரும்பப் பெற்றார். இனி கூடத்தில் மட்டுமே விற்பனை. 1954-இல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் வைஸ் வந்தார். அந்த அட்டையில் படம் வந்த முதல் பெண் அவர். ஃப்ளோரிடாவின் கிஸிமீயில் அவர் நடத்திய ஆண்டு விழாவில் பரிசுகளை மண்ணில் புதைத்து வைத்து, நன்றாக விற்ற பெண்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டச் சொன்னார்கள். 1958-இல் டப்பர் அவரை வேலையை விட்டு அனுப்பினார். கம்பெனியில் அவருக்கு ஒரு பங்கு கூட இல்லை; கிடைத்தது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். அதே ஆண்டு டப்பர் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். இத்தொழிலில் முன்னுக்கு வருவது எப்படி என்று அறிய விரும்புவோர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிப்பது உத்தமம்.

டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது 1996-இல். வீட்டு வாசலில் வியாபாரம் என்பது தமிழ்நாட்டுக்கு அப்போது புதிதாக இல்லை. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போடுகிறவர், மாதத் தவணையில் சேலை கொடுக்கிறவர், மாடிப்படியில் உட்கார்ந்தே ஏலச்சீட்டு பிடிக்கும் அக்கா எல்லாரும் ஏற்கெனவே இருந்தார்கள். நவராத்திரிக் கொலு இருந்தது: ஒன்பது நாள், அழைப்பு, படிப்படியாகக் காட்சிப் பொருள், சுண்டல், பாட்டு, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற விதி. ஆர்டர் ஃபாரம் ஒன்றுதான் குறைவாக இருந்தது.

முதலில் குறுக்கே நின்றது எவர்சில்வர். தமிழ் வீட்டுப் பாத்திரத்துக்குப் பெயர் உண்டு. கடையில் வாங்கும்போதே புள்ளி புள்ளியாக வெட்டி வாங்குவார்கள். சீர் வரிசையில் வந்த அடுக்கில் யார், யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார் என்பது வரை கல்வெட்டு போல இருக்கும். ஆகவே அந்தக் காலத்து விருந்துகளில் எழுந்த முதல் கேள்வி விலையைப் பற்றியது அன்று. "இதுல பேர் வெட்ட முடியுமாம்மா?" முடியாது. பெயர் இல்லாத டப்பாவில் பக்கத்து வீட்டுக்கு வத்தக்குழம்பு கொடுத்தனுப்பினால் டப்பா திரும்பி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று சொன்ன விற்பனையாளர்கள், யாருடைய ஆயுள், யாருடைய வீட்டில் என்பதைத் தெளிவுபடுத்தவில்லை.

விற்பனையாளர் செய்ய வேண்டிய முதல் வேலை வீட்டைத் தேர்ந்தெடுப்பது. விருந்தைத் தன் வீட்டில் வைப்பது கற்றுக்குட்டிகளின் வழக்கம். விவரம் தெரிந்தவர் இன்னொருவர் வீட்டில் வைப்பார். அந்த வீட்டுக்காரிக்கு ஹோஸ்டஸ் என்று பெயர். விற்பனையைப் பொறுத்து அவருக்கு ஓர் அன்பளிப்பு உண்டு. சங்கச் செயலாளர் வீடு பார்வைக்குப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் லாரிக் கணக்கில் அவர்மேல் பாதிப் பேருக்குக் கோபம் இருக்கும். பெரிய கூடம் உள்ள வீடும் அவ்வளவு முக்கியமில்லை. தேட வேண்டியது, ஊருக்குப் போகும்போது எல்லாரும் சாவி கொடுத்து வைக்கும் வீட்டை. செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர், காஸ் சிலிண்டர் வாங்கி வைத்தவர், காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் கொடுத்தனுப்பியவர் அங்கேதான் இருப்பார். பத்து வருடமாக அவர் கணக்கில் ஏறிக்கொண்டே வந்த நன்றிக்கடனை ஒரே மத்தியானத்தில் டப்பாவாக மாற்றிக் கொள்ளலாம்.

நேரம், மூன்று மணி. நாலரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். பலகாரம் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். கடை மிக்சருக்குத் தாட்சண்யம் சுரப்பதில்லை. காபி ஆர்டர் எழுதிய பிறகுதான் வரும். முதலிலேயே காபி கொடுத்த விருந்துகளில், டம்ளரைக் கீழே வைத்த கையோடு பாதிப் பேருக்கு மாவு அரைக்கும் ஞாபகம் வந்திருக்கிறது.

அடுத்தது டெமோ. பிரௌனி வைஸ் போல வீசுவதற்குச் சென்னை அடுக்ககத்தின் கூடத்தில் இடம் கிடையாது. நடுவில் ஊஞ்சலோ டிவியோ இருக்கும். எனவே டப்பாவில் ரசத்தை ஊற்றி, மூடி, யாராவது ஒருவர் மடிக்கு மேல் கவிழ்த்துப் பிடிப்பது இங்குள்ள மரபாயிற்று. ஆதம்பாக்கத்து விருந்து ஒன்றில் இப்படிக் கவிழ்த்தபோது, மூடியின் ஓர் ஓரம் சரியாக உட்காராமல் இருந்தது. வெந்தய நிறச் சுங்குடிச் சேலையில் முதலில் ஒரு கொத்தமல்லித் தழையும் அதைத் தொடர்ந்து ரசமும் இறங்கின. கூடம் அமைதியானது. விற்பனையாளர் டப்பாவை நிமிர்த்தி, முகம் மாறாமல், "பாத்தீங்களா மாமி, ஏப்பம் விடாம மூடினா இப்படித்தான் ஆகும். அதைக் காட்டத்தான் அப்படி மூடினேன்" என்றார். மாமி அதே சேலையோடு இரண்டு டப்பா எழுதச் சொன்னார். இது பயிற்சி வகுப்பில் வருவதில்லை.

வருகிறவர்களில் இரண்டு வகையினரைப் புரிந்து கொண்டால் போதும். ஒருவர், "ரங்கநாதன் தெருவுல இதே மாதிரி நாப்பது ரூபாய்க்குக் கிடைக்குது" என்பவர். புதியவர்கள் இவரை அடுத்த தடவை அழைக்க மாட்டார்கள். அனுபவசாலிகள் இவரை முதலில் அழைத்து, எல்லாருக்கும் தெரியும்படி நடுவில் உட்கார வைப்பார்கள். எல்லார் மனத்திலும் இருக்கும் ஆட்சேபத்தை இவர் சத்தமாகச் சொல்லிவிடுவார். சொன்ன உடனே வீட்டுக்காரியின் முகம் வாடும். அதைப் பார்த்த மற்றவர்கள் பரிகாரமாக ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். கடைசியில் இவரும் மனது கேட்காமல் இருப்பதில் சின்னதாக ஒன்றை எடுப்பார். மற்றவர், "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்பவர். இருபது வருடமாகப் பால் கணக்கு முதல் வீட்டுக் கடன் வரை தாமே முடிவு செய்து வந்தவர் அந்த மூன்றரை மணிக்குத்தான் கணவரிடம் அனுமதி கேட்கும் பதிவிரதை ஆகிறார். இதற்கு மறுமொழி ஒன்றே: "தாராளமா கேளுங்க, பேரை மட்டும் எழுதி வச்சுக்கறேன்." எழுதிய பேரை அடித்தவர் கிடையாது.

வாங்கிய டப்பாவின் விலை உண்மையில் மொய். ஹோஸ்டஸ் அதை மனத்தில் எழுதி வைத்துக் கொள்வார். அடுத்த மாதம் வாங்கியவர் வீட்டில் விருந்து நடக்கும்போது வட்டியில்லாமல் திருப்பிச் செய்ய வேண்டும். ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1984-இல் வெளியிட்ட நூலில், நமக்குப் பிடித்தவர் கேட்டால் மறுக்க முடியாது என்பதற்கு டப்பர்வேர் விருந்தையே உதாரணமாகக் காட்டினார். கல்யாண மண்டப வாசலில் மொய் நோட்டோடு உட்கார்ந்து பழகியவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால் மொய் இரண்டு பக்கமும் ஓடும். டப்பா வாங்கியவர்களில் ஒருவர் அப்பளம் விற்பார், ஒருவர் நைட்டி, ஒருவர் சீட்டு, ஒருவர் இன்ஷூரன்ஸ். விற்பனையாளரின் கமிஷன் இரண்டாம் மாடி வரை இறங்குவதற்குள் உளுந்து அப்பளமாகவும் மூன்று நைட்டியாகவும் மாறிவிடும்.

மாதக் கடைசியில் டார்கெட் வரும். அதில் ஒரு பிடி குறைந்தால், மேலே இருப்பவர் போன் செய்து, "நீங்களே எடுத்து வச்சுக்குங்க, அடுத்த மாசம் தள்ளிடலாம்" என்பார். அடுத்த மாதமும் இதையேதான் சொல்வார். விற்பனையாளரின் வீட்டைப் பார்த்தாலே அவருடைய நிலை தெரியும்: பரணில் வெண்கல உருளி இருந்த இடத்தில் அட்டைப்பெட்டி இருந்தால் தொழில் ஆறாவது மாதத்தில் இருக்கிறது, கட்டிலுக்கு அடியிலும் இருந்தால் பன்னிரண்டாவது மாதம்.

இந்தக் கட்டத்தில்தான் விற்பதைவிட ஆள் சேர்ப்பது சுலபம் என்ற ஞானம் பிறக்கும். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரை. வெள்ளைப் பலகையில் மூன்று வரிசை வரை வட்டம் போட்டுக் காட்டிவிட்டு, "இப்படியே போகும்" என்று கூட்டத்தில் சொல்வார்கள். கூட்டத்தில் போடாத மற்ற வரிசைகளையும் போட்டுப் பார்க்கலாம். பத்தாவது வரிசை முடியும்போது முதலாமவரையும் சேர்த்து 7 கோடியே 25 லட்சத்து 59 ஆயிரத்து 411 பேர் ஆகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை, கைக்குழந்தை உள்பட, 7 கோடியே 21 லட்சத்து 47 ஆயிரத்து 30. குறைகிற நாலு லட்சத்துச் சொச்சம் பேரைப் புதுச்சேரியிலிருந்து கடன் வாங்கலாம் என்று வைத்துக் கொண்டாலும், வாங்குவதற்கு ஆள் எங்கே என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

ஆள் சேர்ப்பதற்கே பணம் என்கிற இத்தகைய பிரமிட் ஏற்பாட்டை, 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் தடை செய்கின்றன. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. அடையாள அட்டையும் முன்அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று இன்னொரு விதி. இத்தொழிலின் முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் சொந்தச் சித்தியாகவே இருப்பதால், விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறவர் கழுத்தில் அட்டையோடு சித்தி வீட்டு வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்க வேண்டும். சித்தி கதவைத் திறந்து, "என்னடி கோலம் இது?" என்பதோடு அன்றைய விற்பனை முடியும்.

வாட்ஸ்ஆப் வந்த பிறகு விருந்து குரூப்பாகச் சுருங்கியது. பஜ்ஜியை அனுப்ப முடியாத ஊடகத்தில் தாட்சண்யமும் நிற்கவில்லை. நீலக் குறி விழுந்த பிறகும் பதில் போடாமல் இருக்க மக்கள் சீக்கிரமே பழகிக் கொண்டார்கள். அமெரிக்காவில் டப்பர்வேர் நிறுவனமே 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போயிற்று.

தொழிலை விடுவது எளிது. தொழில் விடுவது எளிதன்று. பரணில் இருந்தது நவராத்திரித் தாம்பூலத்திலும், தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலும், வேலைக்கு வரும் அம்மாவின் மகள் கல்யாணத்திலுமாகக் கரைந்து போகும். கேட்லாக்கைப் பிள்ளைகள் வெட்டி ஸ்கூல் புராஜெக்டில் ஒட்டிவிடுவார்கள். விற்பனையாளரும் வேறு வேலைக்குப் போய், வேறு ஏரியாவுக்கு வீடு மாறிவிடுவார். ஐந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேமித்து வைக்காத எண்ணிலிருந்து போன் வரும். நலம் விசாரிப்பு இருக்கும், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கும், பிறகு சிறிய இடைவெளி.

"ஒண்ணுமில்லம்மா, அந்தப் பச்சை டப்பாவுக்கு மூடி மட்டும் தனியாக் கிடைக்குமா?"