சாப்பாட்டு மேஜையில் துக்ளக் படை

டெல்லியைப் பிடிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வடமேற்கிலிருந்து குதிரையில் வந்தார்கள். நான் தெற்கிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்தேன். அவர்களுக்குக் கோட்டை கிடைத்தது, எனக்கு டி.டி.ஏ. ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. அங்கேயும் என் ஆணை செல்லுபடியாகும் பிரதேசம், சாப்பாட்டு மேஜையின் வடக்குப் பாதி மட்டும். 1398 டிசம்பர் 17 அன்று நடந்த டெல்லிப் போரை அங்கேதான் மறுபடி நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். ஒருபுறம் தைமூர். எதிரே சுல்தான் நாசிருத்தீன் மஹ்மூத் துக்ளக், அவரை ஆட்டிவைத்த மல்லு இக்பால் கான். தெற்குப் பாதியில் ஊறுகாய் ஜாடி.

"துக்ளக் படைக்கு வர்ணம் அடிக்கிறேன்" என்று மாமாவிடம் போனில் சொன்னேன். "சோ போனப்புறமும் சந்தா கட்டிண்டுதான் இருக்கியா? பேஷ்" என்றார். அதற்கு மேல் விளக்கும் தெம்பு எனக்கு இல்லை.

உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன். சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள வீரர்களை மேஜையில் நிறுத்தி, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு இது. எச்.ஜி. வெல்ஸ் 1913-இலேயே இதற்கு ஒரு விதிமுறைப் புத்தகம் எழுதினார். 12 வயது முதல் 150 வயது வரையிலான பையன்களுக்கு என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசு என்று இதை மனைவியிடம் எடுத்துக் காட்டினேன். "அப்போ நூத்தம்பதுல நிறுத்திடுவீங்களா?" என்றாள்.

கையில் காசு இருந்தால் படை திரட்டுவது சுலபம். ஆனால் எளிதில் கிடைக்கும் பிளாஸ்டிக் வீரர்கள் எல்லாம் இங்கிலாந்தின் ரோஜாப் போர்க்காரர்கள். 1455-இலிருந்து 1487 வரை தங்களுக்குள் வெட்டிக்கொண்டவர்கள். பெட்டிக்கு நாற்பது பேர். கை, தலை, ஈட்டி எல்லாம் தனித்தனியாக வரும்; வெட்டி எடுத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். அந்த ஆங்கிலேயர்களை டெல்லிவாசிகளாக்க ஒரே வழி, இரும்புத் தொப்பியின் மேல் தலைப்பாகை கட்டிவிடுவது. தலைப்பாகைக்கு வேண்டியது எபாக்ஸி மக்கு.

வெளிநாட்டுச் சிற்பிகள் பயன்படுத்துவது நீலமும் மஞ்சளுமாக வந்து, பிசைந்தால் பச்சையாகும் மக்கு. விலை விசாரித்தேன். பிறகு எம்-சீல் வாங்கினேன். இரண்டு துண்டுகளையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி எலும்புக்கூடு செய்து, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை வைக்க வேண்டும். ஊசியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு மடிப்புகளைக் கீற வேண்டும். இல்லாவிட்டால் மக்கு ஊசியோடு வந்துவிடும். இதெல்லாம் இறுகுவதற்குள் நடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் காஸ் சிலிண்டர்க்காரன் மணி அடிப்பான்.

முகம்தான் சிக்கல். தலையே மிளகளவு, அதில் கண்குழி, மூக்கு, தாடி எல்லாம் வர வேண்டும். நான் செய்த முகங்கள் அத்தனையும் கும்பகோணத்துப் பெரியப்பா ஜாடையில் வந்திருக்கின்றன. தைமூர், மல்லு கான், யானைப்பாகன் எல்லோருமே பெரியப்பாதான். பெரியப்பாவைப் பெரியப்பாவே எதிர்க்கும் இந்தப் போரில் வெற்றி யாருக்கு என்பதில் என் தரப்பு உறவினர்களுக்கு அக்கறை இல்லை. இங்கிலாந்தில் பெர்ரி இரட்டையர்கள் என்று இரண்டு சிற்பிகள் இருக்கிறார்கள். அவர்களில் மைக்கேல், ஒரு பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்தபின் இடக்கையால் செதுக்கப் பழகி, அதே நேர்த்தியை எட்டியவர். இரண்டு கையும் உள்ள நான் அந்தத் தகவலை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தது கணக்கு. சுல்தானிடம் சுமார் 10,000 குதிரைவீரர்கள், 40,000 காலாட்கள், 120 யானைகள் என்பது புத்தகங்களில் பொதுவாகக் காணும் எண்ணிக்கை. ஒரு பொம்மைக்கு 500 பேர் என்று வைத்தால் குதிரை 20, காலாள் 80, மேஜை தாங்கும். யானையை 500-ஆல் வகுத்தால் கால் யானைகூடத் தேறவில்லை. "எந்தக் கால், முன்னங்காலா பின்னங்காலா?" என்று கேட்டான் பையன். யானைக்கு மட்டும் சலுகை விகிதம் கொடுத்து மூன்றாக்கினேன். மூன்று யானைக்குக் கவசமும் அம்பாரியும் செய்யவே எம்-சீல் பொட்டலம் பொட்டலமாகக் கரைந்தது. அதே வாரம் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. "குழாய்க்குன்னு வாங்கி வச்ச எம்-சீல் எங்கே?" என்றாள் மனைவி. அது தும்பிக்கையாகிவிட்டது.

தைமூர் யானைகளைச் சமாளித்த விதம் சரித்திரப் பிரசித்தம். அகழி வெட்டினான், இரும்பு முட்களை இறைத்தான், ஒட்டகங்களின் மேல் வைக்கோலைக் கட்டித் தீ வைத்து யானைகளை நோக்கி விரட்டினான். யானைகள் மிரண்டு திரும்பிச் சொந்தப் படையையே மிதித்தன. என் ஒட்டகங்கள் சதர் பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகள். யானையைவிட ஒரு பிடி உயரம். எரியும் வைக்கோலுக்கு அம்மாவின் விளக்குத் திரிப் பஞ்சை எடுத்து ஆரஞ்சு வர்ணம் பூசினேன். அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் தைமூரை அம்மா திட்டிய திட்டு, சமர்க்கண்டுவரை கேட்டிருக்கும்.

பருவநிலையும் எதிரிதான். டெல்லியின் டிசம்பர் குளிரில் எபாக்ஸி சட்டென்று இறுகாது. அதனால் குதிரைப்படை முழுவதும் செட்-டாப் பாக்ஸின் மேல் படுத்துக் குளிர் காய்கிறது. மழைக்காலத்தில் வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரே சகாயம் புழுதி. போர்க்களத் தோற்றம் வர வெளிநாட்டில் பொடி வாங்கித் தூவுகிறார்கள்; இங்கே ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், படைக்கு அசல் டெல்லிப் புழுதி இலவசம்.

அந்தப் புழுதியைத் துடைக்கத்தான் காலையில் தீதி வருகிறாள். தைமூருக்கு அகழி தேவைப்பட்டது, ஒட்டகம் தேவைப்பட்டது. தீதிக்கு ஒரு ஈரத்துணி போதும். இடதுசாரியிலிருந்து வலதுசாரிவரை ஒரே வீச்சு. நிஜப்போரில் தோற்ற சுல்தான் இரவோடு இரவாகத் தப்பிக் குஜராத் பக்கம் போனார். என் சுல்தான் ஃபிரிட்ஜுக்கு அடியில் போனார். நிஜத்தில் அதற்குப் பிறகு நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. நகரம் நாள்கணக்கில் சூறையாடப்பட்டது, எழுந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மேஜைப் போரில் உள்ள ஒரே புண்ணியம், விழுந்தவன் கைக்கு ஃபெவிக்விக் வைத்தால் மறுநாள் எழுந்து நிற்பான். வென்ற தைமூர் ஹவுஸ் காஸ் ஏரிக்கரையில் முகாமிட்டான். இன்று அங்கே காபி விற்கும் விலைக்கு நான் இன்னொரு குதிரைப்படையே திரட்டலாம்.

நவராத்திரி வந்ததும் முழுப் படையும் சரணடைந்தது. மேஜை கொலுவுக்கு வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பேச்சுவார்த்தையில் கடைசிப் படிக்குக் கீழே, செட்டியார் பொம்மைக் கடைக்கும் தெர்மாகோல் பூங்காவுக்கும் நடுவே கொஞ்சம் நிலம் ஒதுக்கினார்கள். வந்த மாமிகளில் ஒருவர் குருக்ஷேத்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர், செட்டியார் கடைக்கு எதற்கு இத்தனை செக்யூரிட்டி என்று கேட்டார். தைமூர் படையெடுப்பு என்று நான் ஆரம்பித்தபோது சுண்டல் வந்துவிட்டது.

என் மனைவியின் பொம்மைகள் வருஷத்துக்கு ஒன்பது நாள் வெளியே வந்து, ஊரையே வீட்டுக்கு வரவழைத்து, பாட்டுப் பாடவைத்து, மறுபடி பெட்டிக்குள் போய்விடுகின்றன. என் பொம்மைகள் வருஷம் முழுக்க மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு மனிதரையும் வரவழைத்ததில்லை. ராணுவ நோக்கில் பார்த்தாலும் எது வெற்றிகரமான படை என்பதில் சந்தேகம் இல்லை.

இவ்வளவு படித்தபிறகும் உங்களில் யாருக்காவது இந்த ஆசை வந்தால் நான் தடுக்கமாட்டேன். வீட்டில் ஒருவர் 28 மில்லிமீட்டர் ஆட்களுக்காவது உத்தரவு போடுவது உடம்புக்கு நல்லது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எம்-சீல் வாங்கும்போது இரண்டு பொட்டலமாக வாங்குங்கள். முதலில் குழாயை அடைத்துவிட்டு அப்புறம் யானை செய்யுங்கள்.