மீ கோரெங்கில் சத்து உண்டா?

கேள்வி: இந்தோனேசியாவின் 'மீ கோரெங்' நூடுல்ஸில் முட்டை, கோஸ், கீரை எல்லாம் போடுகிறார்களே, தினமும் சாப்பிடலாமா?

பதில்: ஜகார்த்தா தள்ளுவண்டிக்காரர் சுடச்சுட வதக்கித் தருவதில் முட்டையின் புரதம் உண்டு, கீரையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆனால் தட்டில் மெஜாரிட்டி மைதாவுக்குத்தான்! அதன் மேல் ஊற்றும் 'கெச்சாப் மானிஸ்', பனைவெல்லம் சேர்த்துக் காய்ச்சிய சோயா சாஸ். சர்க்கரையும் உப்பும் ஒரே புட்டியில் கூட்டணி.

'இண்டோமி' என்ற உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டின் கதை வேறு. அட்டைப் படத்தில் சிரிக்கிற முட்டை உள்ளே இருக்காது. எண்ணெயில் பொரித்து உலர்த்திய நூடுல்ஸ். 85 கிராமில் ஏறக்குறைய 380 கலோரி. முட்டையும் கீரையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள், மசாலாவில் பாதியைக் குப்பையில் போடுங்கள். தினமும் வேண்டாம், எப்போதாவது போதும்.