கஞ்சி குடித்த பாவு

கே: விடியற்காலையில் தெருவில் பாவு (நெடுக்கு நூல்) நீட்டிக் கஞ்சி போடுகிறார்களே, பட்டுக்கு எதற்குக் கஞ்சி? (பிள்ளையார்பாளையம் வாசகர்)

ப: சாயம் ஏற்றுவதற்கு முன் பட்டை வேகவைத்து அதன் பசையை எடுத்துவிடுகிறோமே, அதனால்தான். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. அது போனதும் மினுமினுப்பு வரும், இழைகள் பிரிந்து நிற்கும். தறியின் விழுதிலும் அச்சிலும் உரசிப் பிசிறும். சேலை தறியை விட்டு இறங்கும்வரை அந்தப் பசையின் வேலையை அரிசிக் கஞ்சி பார்க்கிறது.

கே: அப்படியானால் கெட்டியாகப் போடலாமே? (அய்யம்பேட்டை)

ப: கூடாது. இழுவையைத் தாங்குவது இழைதான். ஒன்றின் பாரத்தைப் பக்கத்து இழைக்கு மாற்றிவிடுவதே கஞ்சியின் வேலை. மிதி மிதிக்கும்போதெல்லாம் பாவு சற்று நீண்டு சுருங்க வேண்டும். கஞ்சி மிஞ்சினால் விறைத்துப்போய் நீளாது, அறும். கத்திரி வெயிலில் நிலைமை இன்னும் மோசம். ஸ்டார்ச் வளைந்து கொடுப்பது அதிலுள்ள ஈரத்தால்தான். குழித்தறி போட்ட முன்னோர் மண்ணின் ஈரத்தையும் பாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

கே: கஞ்சி போனபின் சேலை பலம் குறையுமா? (ஓரிக்கை)

ப: குறையாது, அதற்குள் குறுக்கு நூலான ஊடை பிடித்துக்கொண்டுவிடும். ஈரச் சேலையை மட்டும் முறுக்கிப் பிழியாதீர்கள். நனைந்தால் பருத்தி வலுக்கும், பட்டு தளரும்.

கே: வாழைநாரும் மரவள்ளி மாவும் சேர்த்துத் தட்டு செய்தால் பிளாஸ்டிக்குக்கு மாற்றாகுமா? (சேலம்)

ப: பாதி ஆகும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை இருப்பதால் கேள்வி அவசியமானது. நாரின் செல்லுலோஸ், மாவின் ஸ்டார்ச் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள், பங்காளிகள்போல ஒட்டிக்கொள்ளும். நாரைக் கூட்டினால் விறைப்பும் வலுவும் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் மாவு எல்லா நாரையும் எட்டாது, இடையில் காற்று தங்கும். கிளிசரின் சேர்த்தால் தட்டு வளையும், வலு இறங்கும். ஒன்றை முறித்துப் பாருங்கள்: விளிம்பில் நார் உருவிக்கொண்டு நீட்டியிருந்தால் பிடிப்பு போதவில்லை, நாரே அறுந்திருந்தால் நல்ல பிடிப்பு. ஆனால் ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி ஊதும். மேலே பூச்சு இல்லாத தட்டில் இட்லி வைக்கலாம், சாம்பார் ஊற்றக் கூடாது!

கே: தண்ணீர் அத்தனை எதிரி என்றால், அத்திமரச் சிலையான அத்தி வரதர் எப்படி 40 ஆண்டு கோயில் குளத்துக்குள் இருக்கிறார்? (சின்ன காஞ்சிபுரம்)

ப: 1979-க்குப் பின் 2019-இல் அவர் வெளியே வந்தபோது தரிசன வரிசையில் நின்ற பலருக்கும் எழுந்த கேள்வி. மரமும் நார்க்கலவைதான், ஆனால் அங்கே நாரைப் பிடித்திருப்பது ஸ்டார்ச் அல்ல, தண்ணீரில் கரையாத லிக்னின். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் அது கிடைப்பது அரிது. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருப்பதுதான் மரத்துக்குக் கேடு. திருவிழா முடிந்ததும் தேருக்குத் தகரக் கொட்டகை போட்டு மூடுவது அதற்காகத்தான்.