பேருக்கு மூலம் தேடுற தம்பிக்கு

அந்தமான்ங்கிற பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு புஸ்தகம் எழுதப் போறியாமே தம்பி? நல்ல காரியம். இந்தத் தொழில்ல சம்பளம் வராது, ஆனா சண்டைக்குப் பஞ்சமே இருக்காது. இந்தத் தீவுலயே கிடந்து தலை நரைச்சவன் சொல்றேன், நாலு உபாயத்தைக் காதுல போட்டுக்க.

முதல்ல, காதுக்கு ஒத்து வர்ற சத்தம் ஒண்ணைப் பிடி. மலாய்க்காரங்க அனுமாரை ‘ஹண்டுமான்’ம்பாங்களாம்; அதுதான் தேஞ்சு அந்தமான் ஆச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. இலங்கைக்குத் தாண்டுனவருக்குக் கிழக்க என்ன சோலின்னு கேட்டுறாதே, சாமி குத்தமாயிரும். அதை ஒத்துக்காதவன்கிட்ட தாலமியை எடுத்து நீட்டு. கி.பி. 2-ம் நூற்றாண்டு ஆளு. நல்ல பூதத்தோட தீவுன்னு பொருள் வர்ற மாதிரி ‘அகதௌ டைமோனோஸ்’னு ஒண்ணைக் குறிச்சு வச்சிருக்கான். அதுல ஒரு ‘டைமோன்’ கிடக்கு, நம்ம பேர்ல ஒரு ‘தமான்’ கிடக்கு. பொண்ணு மாப்பிள்ளை பொருத்தம் பார்க்க இதுக்கு மேல என்ன வேணும்?

ரெண்டாவது, இங்க காலே வைக்காதவனைச் சாட்சிக்குக் கூப்பிடு. மார்க்கோ போலோ ‘அங்கமனைன்’னு எழுதி, இங்க உள்ளவங்களுக்கு நாய்த்தலைன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஆளு இந்தக் கரையில இறங்குன மாதிரியே தெரியலை. நேர்ல பார்த்தவன் தயங்குவான், திணறுவான். பார்க்காதவன் பல்லு, கண்ணு வரைக்கும் அடையாளம் சொல்லுவான்.

மூணாவது, நம்ம பெருமையை எங்கயாவது சொருகிறணும். இதுக்கு நிக்கோபார் தோது. கடல் கடந்து அடிச்ச ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியிலயே ‘மாநக்கவாரம்’னு வருது, தஞ்சைப் பெரிய கோயில் கல்லுல போய்ப் பாரு. கல்லு வெட்டுனவன் அங்க உள்ள சோலையையும் தேனையும்தான் புகழ்ந்தான். நம்ம பண்டிதங்க தேனை விட்டுட்டு, ‘நக்கம்’னா அம்மணம்னு அதையே பிடிச்சுத் தொங்குறாங்க.

673-ல இந்தப் பக்கமா கப்பல்ல போன சீனத் துறவி யி-ஜிங்கும் ‘துணியில்லாதவங்க நாடு’ன்னுதான் எழுதி வச்சாரு. ஆனா அவரே இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. படகுல தேங்காயும் வாழைப்பழமும் கொண்டாந்தவங்க இரும்பு கொடுன்னு பேரம் பேசுனாங்களாம். ரெண்டு விரல் அளவு இரும்புக்கு அஞ்சுலேர்ந்து பத்து தேங்காய். கப்பல்காரன் வேடிக்கைக்குத் துணியை நீட்டுனா, வேண்டாம்னு கையை ஆட்டிட்டாங்களாம். எது வேணும், எது வேண்டாம்னு அவ்வளவு தெளிவா இருந்த யாவாரிங்க! அதைப் பார்த்து ‘இரும்புவாரம்’னு எவனாவது பேரு வச்சானா?

நாலாவதுதான் முக்கியம். தீவுக்காரன்கிட்ட மட்டும் கேட்டுறாதே, ஆராய்ச்சி கெட்டுப்போயிரும். கார் நிக்கோபார்க்காரங்க தங்களோட தீவை ‘பூ’ம்பாங்க. அட, எங்க எந்திரிக்கிறே? உக்காரு. அது உங்க ஆத்தா தலையில வைக்கிற பூ இல்லை. அந்தமான்ல போவா சீனியர்னு ஒரு கிழவி, போ மொழி பேசுன கடைசி ஆளு, 2010-ல செத்துப்போச்சு. அன்விதா அப்பின்னு ஒரு மொழியறிஞர் அது பக்கத்துல உக்காந்து கேட்டுப் பதிஞ்சு வச்சாங்க. மத்த பண்டிதங்கள்லாம் அப்பவும் தாலமிகிட்டத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

இவ்வளவும் பண்ணு, ஆனா நிசமான மூலத்தைக் கண்டுபிடிச்சு மட்டும் தொலைச்சுறாதே. போர்ட் பிளேயர் கதி தெரியும்ல? 1789-ல சாத்தம் தீவுல குடியேத்தம் போட்ட லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேயர் பேரு அது. சந்தேகமே இல்லை, பிறந்த சர்டிபிகேட் மாதிரி சுத்தம். அதான் 2024 செப்டம்பர்ல ஒரே அறிவிப்புல எடுத்துட்டு ஸ்ரீ விஜயபுரம்னு வச்சுட்டாங்க. விடுதலைப் போர்ல கிடைச்ச வெற்றிக்கு அடையாளமாம். சோழர் கடற்படைத் தளமா இருந்த இடம்னு பெருமையும் சொன்னாங்க. அந்தச் சோழன் 1025-ல போய் அடிச்ச ராஜ்ஜியத்துக்கும் ஸ்ரீவிஜயம்னுதான் பேரு. நமக்கெதுக்கு வம்பு, டெல்லி பக்கம் போனா நீ வாயைத் திறக்காதே.

அந்தமானைப் பாரு. அனுமாரா, பூதமா, நாய்த்தலையான்னு இன்னும் தீரலை. வழக்கு முடியாத சொத்து, எவனும் கை வைக்க முடியலை. அதனால நல்லா ஆராய்ச்சி பண்ணு, ஆனா தீர்ப்பு மட்டும் எழுதாதே.

என்னது, புஸ்தகத்துல என் பேரைப் போடுறியா? தாராளமாப் போடு. எந்த ஊர்க்காரன்னு மட்டும் போடாதே தம்பி. மெயின்லேண்டுல நாலு ஊரு என்னைச் சொந்தம் கொண்டாடிட்டு வந்து நிக்கும், அப்புறம் அம்புட்டுப் பேருக்கும் நான்தான் டீ வாங்கித் தரணும்.