உப்புக்குத் தப்பி வந்தவன் வாங்கிய வண்டி

டோர்ட்மண்ட், ஜெர்மனி
பிப்ரவரி 2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கே நீங்கள், சித்தி, லாரி மூவரும் நலமா? லாரியையும் சேர்த்துக் கேட்கிறேன் என்று சிரிக்காதீர்கள். நானும் வண்டிக்காரன் ஆகிவிட்டேன். ஏழு பேர் உட்காரும் டீசல் கார், 2015 மாடல், ஐரோப்பாவிலேயே செய்தது. கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். அதன் நோய்களைத்தான் எழுதப்போகிறேன், எதற்கு வம்பு? பின் சீட்டை மடக்கினால் பிள்ளையின் தள்ளுவண்டி, அரிசி மூட்டை, உங்கள் மருமகள் வாங்கிக் குவிக்கும் பூந்தொட்டி எல்லாம் அடங்கும். அதற்காகத்தான் வாங்கினோம்.

“புதுசு வாங்கக் கூடாதா?” என்று அப்பா போனில் கேட்டார். ஜெர்மனிக்குப் போனவன் பென்ஸில்தான் போவான் என்று நம் ஊர் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே வாடகை டாக்ஸியே பென்ஸ்தான். அதில் ஏறினால் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு யாரும் இரண்டாம் தடவை ஏறுவதில்லை. நமக்குப் பழசே போதும்.

பழைய கார் விற்கிறவர்களின் பேச்சு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நம் பக்கம் “டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்” என்பார்கள். இங்கே டாக்டர் கிடையாது, பாட்டி. பென்ஷன் வாங்கும் பாட்டி ஓட்டியது, சிகரெட் பிடிக்காத வீடு, ஷெட்டை விட்டு அதிகம் வெளியே வராதது, நாய் ஏறாதது. இத்தனை வண்டியையும் பாட்டிகளே மெதுவாக ஓட்டியிருந்தால், ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் வேகத்தில் என் காது அடைக்க முந்திப் போகிறவர்கள் யார் என்று தெரியவில்லை. பாட்டிகளாகத்தான் இருக்க வேண்டும்.

வண்டியோடு ஒரு சர்வீஸ் புத்தகம் வரும். எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள், டைமிங் பெல்ட் மாற்றினார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒர்க்‌ஷாப் முத்திரை இருக்கும். வாங்குகிறவர்கள் அதை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். முத்திரை ஒன்று குறைந்தால் ஆயிரம் யூரோ குறைகிறது.

நான் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தரையில் படுத்துவிட்டேன். விற்ற மனிதர் பானெட்டைத் திறந்து “எஞ்சினைப் பாருங்கள்” என்கிறார். நானோ கதவுக்குக் கீழே ஓடும் பட்டையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகிறேன். முன்பக்கம் டிங், நடுவில் டிங், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் டொப். ஸ்க்ரூ டிரைவரால் லேசாகச் சுரண்டினேன், பெயின்டோடு கொஞ்சம் தகரமும் சேர்ந்து வந்தது. நீங்கள் மெக்கானிக்கா என்று கேட்டார். “இல்லை, எங்கள் ஊரில் உப்பு விளைகிறது” என்றேன். சைக்கிள் ரிம்மும் குடோன் தகரமும் உங்கள் லாரியின் பின்கதவும் எப்படிக் கரைகின்றன என்று பார்த்து வளர்ந்தவனிடம் வந்து துரு இல்லை என்று சொல்லலாமா? அறுநூறு யூரோ குறைத்துக்கொடுத்தார்.

உப்பு இங்கே எங்கே வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உப்பு வாரி வாரித் தாத்தாவின் பாதம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்துத்தான், இவனாவது பாத்தியில் இறங்கக் கூடாது என்று அப்பா என்னைப் படிக்க வைத்தார். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், விடிவதற்கு முன் எங்கள் தெருவில் ஆரஞ்சு நிற லாரி ஒன்று மெதுவாக வந்தது. பின்னால் ஒரு தட்டு சுழல, அதிலிருந்து வெள்ளையாக எதுவோ சிதறிக்கொண்டே போயிற்று. இறங்கிப் போய் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு! ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தும் வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நடுத்தெருவில் நின்று ரோட்டை நக்கிக்கொண்டிருந்தவனை எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். இன்றைக்கும் அவர் எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் வணக்கம் சொல்கிறார்.

உப்பு கலந்தால் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது, இன்னும் குளிர வேண்டும். ரோட்டில் பனிக்கட்டி பிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. சில நாள் கல்லாகப் போடாமல் உப்புத் தண்ணீராகவே பீய்ச்சுகிறார்கள். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் உப்பு. நம் பாத்தியில் உப்பின் அடர்த்தியை மானி விட்டுப் பார்க்கிற கணக்கில் இருபது டிகிரிக்குப் பக்கம் வரும். இன்னும் ஐந்து டிகிரி ஏற்றினால் டோர்ட்மண்ட் மெயின் ரோட்டில் வரப்பு கட்டி உப்பு வாரிவிடலாம். வெயில்தான் கிடைக்காது.

ரோட்டு உப்பில் பெரும்பங்கு சுரங்க உப்பு. இங்கிருந்து மேற்கே, ரைன் நதிப் பக்கம் போர்த் என்ற இடத்தில் பூமிக்கு அடியில் வெட்டி எடுக்கிறார்கள். சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னால் வற்றிய கடலாம் அது. நம் மூவாயிரம் சொச்சம் ஏக்கர் பாத்தியும் ஐப்பசி மழைக்குப் பயந்து பிழைக்கிறது. 2024-ல் பெஞ்சல் புயலில் அளம் முழுகிக் கிடந்த படத்தைத் தம்பி அனுப்பினான். இங்கே சுரங்கத்து உப்புக்கு ஐப்பசியும் இல்லை, புயலும் இல்லை. வெட்டி எடுத்து, காசு கொடுத்து வாங்கி, ரோட்டில் வீசுகிறார்கள். நம் ஆட்கள் பார்த்தால் வயிறு எரியும்.

ரோட்டில் தேங்கும் அந்த உப்புத் தண்ணீரைச் சக்கரம் வாரி வண்டியின் அடிவயிற்றில் அடிக்கிறது. பிரேக் குழாய், சுருள் ஸ்பிரிங், சைலன்சர் மூன்றும்தான் முதலில் போகும். வீட்டு வாசலில் வாளித் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்றால் பல ஊர்களில் தடை. ஆயில் கலந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். கழுவும் நிலையத்துக்குப் போனால் அடிப்பக்கம் கழுவத் தனிக்காசு. பம்புசெட்டில் நீங்கள் லாரியைக் குளிப்பாட்டும் சுகமெல்லாம் இங்கே சட்டவிரோதம்.

இந்த ஊர் எப்.சி. கதை தெரியுமா? உங்கள் லாரிக்கு வருஷா வருஷம் எப்.சி. காட்டுகிறீர்கள். இங்கே சொந்தக் காருக்கே உண்டு. புது வண்டிக்கு மூன்று வருஷம் கழித்து, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. சோதிக்கிற அமைப்புகளில் பேர்போனது ட்யூஃப். 1865-ல் மன்ஹைம் நகரத்தில் ஒரு பீர் ஆலையின் பாய்லர் வெடித்தது. மறுவருஷம் ஆலைக்காரர்களே சேர்ந்து பாய்லர் சோதிக்க ஒரு சங்கம் வைத்தார்கள். ட்யூஃபுக்கு மூலம் அதுதான். அதே மன்ஹைமில்தான் கார்ல் பென்ஸ் 1886-ல் தன் காருக்குக் காப்புரிமை வாங்கினார். கார் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னாலேயே, அது பிறக்கப்போகும் ஊரிலேயே, அதில் குற்றம் கண்டுபிடிக்க ஆள் தயார்! 1951-லிருந்து இந்தச் சோதனை கட்டாயம்.

சோதிக்க வந்தவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, கையில் சின்னச் சுத்தியலும் டார்ச்சுமாக அடியில் நுழைந்தார். டீ வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். பின்பக்க ஸ்பிரிங்கின் நுனி உடைந்திருந்தது, பிரேக் குழாயில் துரு. முதலுதவிப் பெட்டியிலுள்ள கட்டுத்துணியின் தேதியைக்கூடப் படித்துப் பார்த்தார். கோபமே இல்லாமல் எல்லாவற்றையும் எழுதி, ஒரு மாதம் கெடு கொடுத்தார். சுத்தியலால் தட்டுகிறவனை எனக்குப் பிடிக்கும், அதனால் சண்டை போடவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கூலியே மணிக்கு நூறு யூரோவுக்கு மேல் கேட்டார்கள். லிஃப்டையும் ஸ்பானரையும் மணி வாடகைக்கு விடும் இடங்கள் இங்கே உண்டு. துருக்கிக்கார நண்பர் ஒருவரோடு போய் ஸ்பிரிங்கை நாங்களே மாற்றினோம். பிரேக்கில் மட்டும் கை வைக்கவில்லை, அதற்குக் காசைக் கொடுத்துவிட்டேன். மறுசோதனையில் தேறியது. நம்பர் பிளேட்டில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஆறு நிறங்கள் வருஷத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும். எனக்குப் பழுப்பு, 2028 வரைக்கும் கவலை இல்லை.

டயர் சங்கதி தனி. குளிர்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட். ஓய்வில் இருக்கும் நாலு டயரை வைத்துக்கொள்ள வாடகை வாங்குகிறார்கள். ஆக, இந்த ஊரில் எனக்கு ஒரு வாடகை வீடு, என் டயருக்கு ஒரு வாடகை வீடு.

அப்பாவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் காருக்கு யூரியா ஊற்ற வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன். நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா கரைத்த தண்ணீர், டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே அதற்குத் தனி மூடி. புகையிலிருக்கும் நச்சு வாயுவை அது நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. நம் ஊர் புது பி.எஸ்.6 லாரிகளிலும் வந்துவிட்டது, உங்கள் பழைய லாரி தப்பித்தது. கூட்டுறவுச் சங்க வாசலில் மூட்டைக்கு வரிசையில் நிற்கும் அப்பாவிடம், பிள்ளை காருக்கு யூரியா போடுகிறான் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பூஜையும் போட்டாயிற்று. பக்கத்தில் ஹாம் நகரத்தில், இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002-ல் கும்பாபிஷேகம் ஆன பெரிய கோபுரக் கோயில். வாசலில் வைத்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நசுங்கியதைப் பொறுக்கி, மட்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தோம்.

உங்கள் லாரிக்குச் சித்திரையில் எப்.சி. என்று தம்பி சொன்னான். பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் சேஸிஸை ஒரு தடவை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். நம் தெரு போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு, ஏரித் தண்ணீர் எடுங்கள். பிரேக் குழாயைத் துடைத்து, முழு நீளமும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு பொரிந்திருந்தால் அதன்மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், புதுக் குழாய்க்குப் பணம் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்