மலையைக் காட்டியது தொடர்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சந்தேகப் பிராணிகள்,
உலகெங்கும்.

பெறுநர்:
உயர்திரு நிர்வாகத்தார் அவர்கள்,
பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ்,
ராக்வில், மேரிலாந்து, அமெரிக்கா.

பொருள்: த எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 – டிரெய்லர் காட்டியது – கேமைக் காட்டாதது – ரசிகர்களுக்குச் சந்தேக நோய் முற்றியது – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தாங்கள் 10.06.2018 அன்று இ3 நிகழ்ச்சியில் வெளியிட்ட 36 விநாடிப் படம்.
2. அதன்பின் தங்களிடமிருந்து அவ்வப்போது வந்த ‘பொறுமை காக்கவும்’.

ஐயா,

பார்வை ஒன்றில் கண்ட படம் எங்களுக்கு மனப்பாடம். மேகம் விலகுகிறது. மலை வருகிறது. மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. தூரத்தில் கடல். இசை ஏறுகிறது, பெயர் விழுகிறது, திரை இருண்டுவிடுகிறது. ஆள் நடமாட்டம் இல்லை, ஆடு மாடு இல்லை, இந்தப் பாகத்துக்கென்று ஒரு தனிப்பெயர்கூட இல்லை. மாப்பிள்ளை போட்டோ கேட்டவர்களிடம் தரகர் மாப்பிள்ளை ஊர் மலையின் போட்டோவைக் கொடுத்த கதை. அதற்கே அன்று அரங்கம் அதிரக் கைதட்டினோம். அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்று அல்ஜீப்ரா போடுகிறது.

எங்களைப் பற்றித் தங்கள் அலுவலகத்தில் நல்ல அபிப்பிராயம் இருக்காது என்று தெரியும். எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள், வெறும் வாய்க்கு அவல் தேடுகிறவர்கள், திருப்தி என்பதே தெரியாத ஜென்மங்கள் என்று நினைப்பீர்கள். பெரிய பிழை இல்லை. ஆனால் நாங்கள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை ஐயா. இந்த நோய் எங்கே, எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்பதற்குத் தேதிவாரியாகக் கணக்கு இருக்கிறது. தயவுசெய்து பரிசீலிக்கவும்.

முதல் தொற்று 2005. அந்த ஆண்டு இ3இல் நான்காம் பாகமான அப்ளிவியனைக் காட்டினீர்கள். கேமில் வரும் ஊர் மக்கள் இனி பொம்மைகள் அல்ல, சுயபுத்தியோடு வாழப்போகிறார்கள் என்றீர்கள். அதற்கு ‘ரேடியன்ட் ஏஐ’ என்று பெயரும் வைத்தீர்கள். திரையில் ஒரு பெண் தன் வீட்டில் வில்வித்தை பழகினாள். குறி தப்பியது. ஒரு மருந்தைக் குடித்தாள், குறி விழுந்தது. சும்மா இராமல் குரைத்துக்கொண்டிருந்த தன் நாயின் மேலேயே மந்திரத்தை ஏவினாள். வாயைப் பிளந்தோம். வீட்டுக்காரி தன் நாயிடம் எரிந்துவிழும் உலகம் கிடைத்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்று இருந்தோம்.

2006 மார்ச்சில் கேம் வந்தது. நல்ல கேம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுயபுத்திக்காரர்கள் தெருவில் சந்தித்து என்ன பேசிக்கொண்டார்கள்? சேற்று நண்டு பார்த்ததைப் பேசினார்கள். அருவருப்பான ஜந்து என்று ஒருவர் சொல்ல, அதற்குச் சம்பந்தமில்லாமல் மற்றவர் ஒன்று சொல்ல, உடனே இருவரும் விடைபெற்றுப் போனார்கள். அடுத்த தெருவில் வேறு இருவர், அதே நண்டு. தலைநகரில் நண்டு, எல்லையூரில் நண்டு. அரசரே கொலையாகி நரகத்தின் வாசல் திறந்துகொண்ட நாட்டில் நண்டுதான் தலைப்புச் செய்தி.

அதே கேமில் வழிப்பறிக்காரர் விவகாரம் தனி. நாங்கள் பலம் பெறப் பெற எதிரிகளும் பலம் பெறும்படி ஏற்பாடு செய்திருந்தீர்கள். விளைவு, ஊருக்கு வெளியே ஒரு திருடன் வழிமறிக்கிறான். தலை முதல் கால் வரை மினுமினுக்கும் கண்ணாடிக் கவசம். அதைக் கழற்றி விற்றால் தலைநகரில் ஒரு குடிசையே வாங்கிப் போடலாம். அவன் கத்தியைக் காட்டிக் கேட்பதோ நூறு பொற்காசு. இவ்வளவு வசதியானவன் ஏன் ஐயா இந்தத் தொழிலுக்கு வந்தான்? இதை முன்னோட்டம் எதிலும் தாங்கள் காட்டவில்லை.

நோய் முற்றியது அடுத்த மாதமே. 2006 ஏப்ரலில் குதிரைக்குக் கவசம் விற்றீர்கள். விலை இரண்டரை டாலர். கேமுக்குள் ஓடும் குதிரைக்கு, கேமுக்கு வெளியே சம்பாதித்த பணம். சிரித்தோம், திட்டினோம், வாங்கவும் செய்தோம். தாங்களும் சளைக்கவில்லை. 2009இல் முட்டாள்கள் தினத்தன்று மற்ற சரக்கையெல்லாம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுக் குதிரைக் கவசத்தை மட்டும் இரட்டை விலைக்கு விற்றீர்கள். 2025இல் அப்ளிவியனைப் புதுப்பித்தபோது டீலக்ஸ் பதிப்பில் புதுக் குதிரைக் கவசமும் வைத்தீர்கள். தங்கள் நகைச்சுவை உணர்வில் எங்களுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். ஐந்தாம் பாகமான ஸ்கைரிமைக் காட்டியபோது, தூரத்தில் தெரியும் மலை வெறும் படுதா அல்ல, உச்சிவரை போகலாம் என்றார் தங்கள் இயக்குநர் டாட் ஹவர்ட். 11.11.2011 அன்று கேம் வந்தது. ஏறிப் பார்த்தோம். சொன்ன சொல் பொய்க்கவில்லை. குதிரையோடு, பல்லிபோலச் செங்குத்தாகவே ஏற முடிந்தது. ஒரு ராட்சதன் கதாயுதத்தால் ஓங்கி அடித்தால் மலையைத் தாண்டி வானத்துக்கே போக முடிந்தது. அந்த மாதம் வந்த ஒரு பேட்ச்சுக்குப் பிறகு டிராகன்கள் பின்னோக்கிப் பறந்தன. இவற்றையெல்லாம் நாங்கள் மன்னிக்கவில்லை, ரசித்தோம். ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம் அது. எக்ஸ்பாக்ஸில் வந்தது, ஸ்விட்சில் வந்தது, கண்ணில் மாட்டும் கண்ணாடியில் வந்தது. பேசும் ஒலிபெருக்கியான அலெக்ஸாவுக்குக்கூட ஒரு பதிப்பு, கேலி போலவும் நிஜம் போலவும், வந்தது. ஏழாம் பாகத்துக்கெல்லாம் ஆசைப்படாத எளிய மனிதர்கள் நாங்கள், ஆறாவதைத்தான் கேட்டோம்.

ஆக, 10.06.2018. அந்த ஒரே மாலையில் தாங்கள் கொடுத்த வாக்குகளைத் தனித்தனியே பார்க்கலாம்.

தங்கள் இன்னொரு கேமான ஃபால்அவுட் 76இல் காட்சி நுணுக்கம் பதினாறு மடங்கு என்றீர்கள். எதன் பதினாறு மடங்கு, யார் அளந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. நவம்பரில் வந்த உலகத்தில் பேசுவதற்கு மனிதப் பாத்திரமே இல்லை. நிஜ விளையாட்டாளர்கள் மட்டும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு திரிந்தார்கள். மனிதர்கள் குடியேற 2020 ஏப்ரல் ஆயிற்று. 200 டாலர் சிறப்புப் பதிப்போடு கேன்வாஸ் பை என்று விளம்பரம் செய்து நைலான் பை அனுப்பினீர்கள். கேட்டதற்குக் கேன்வாஸ் தட்டுப்பாடு என்றீர்கள். ஈடாகக் கேமுக்குள் செல்லும் 500 ‘ஆட்டம்’ நாணயம் தந்தீர்கள். அது ஐந்து டாலர் பெறும். ஊரே கூடித் திட்டிய பிறகுதான் அடுத்த ஆண்டு கேன்வாஸ் வந்தது. பைத் துணியையே நம்ப முடியாத இடத்தில் மலையை நம்பச் சொல்கிறீர்கள்.

விண்வெளிக் கேமான ஸ்டார்ஃபீல்டையும் அன்றே அறிவித்தீர்கள். 11.11.2022 என்று நாள் குறித்து, பிறகு தள்ளி, 2023 செப்டம்பரில் தந்தீர்கள். தள்ளியதில் வருத்தமில்லை, வேகாததைப் பரிமாறுவதைவிட அதுவே உத்தமம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள் என்றீர்கள். இருந்தன. பெரும்பாலானவற்றில் பாறை இருந்தது. சலிக்கிறது என்று ஸ்டீமில் எழுதியவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவை ஒரு விளக்கம் அனுப்பியது: சந்திரனுக்குப் போன விண்வெளி வீரர்களுக்கும் அங்கே ஒன்றும் இருக்கவில்லை, அவர்களுக்குச் சலிக்கவில்லையே என்று. உண்மைதான் ஐயா. ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகவில்லை. கூலி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது வாக்குதான் மலை. அதைக் கொஞ்சம் சாதாரணமாக அறிவித்திருக்கலாமோ என்று ஹவர்ட் 2023இல் ஒரு பேட்டியில் யோசித்தார். இன்னும் எவ்வளவு நாளாகும் என்பது பற்றி ஓரளவு தெளிவான பதில் வந்த இடம் எது தெரியுமா? நீதிமன்றம். 2023 ஜூனில், தங்கள் தாய் நிறுவனத்தை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்டுக்கு எதிரான வழக்கில் சாட்சிக் கூண்டில் இருந்த, அதன் அப்போதைய கேமிங் பிரிவுத் தலைவர் ஃபில் ஸ்பென்சர், இன்னும் ஐந்தாண்டுக்கு மேலாகலாம் என்றார். ஆக, ரிலீஸ் தேதி பற்றிக் கேட்க வேண்டுமென்றால் முதலில் யாராவது வழக்குப் போடவேண்டும்.

இந்த இடைவெளியில் எங்களுக்கு நேர்ந்த கதியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 2020 கடைசி நாளில் தங்கள் கணக்கில் வெளியான ஒரு வரைபடத்தின் மேல் மெழுகுவத்திகள் இருந்தன. அவை எந்த மாகாணத்தைச் சுட்டுகின்றன என்று இரவெல்லாம் ஆராய்ந்தோம். ஸ்டார்ஃபீல்ட் டிரெய்லரில் கப்பலுக்குள் ஒரு கீறல் தெரிந்தது. அது ஹாமர்ஃபெல் மாகாணத்துக் கடற்கரையின் வடிவம் என்று ஒரு கட்சி, இல்லை கீறல் கீறல்தான் என்று இன்னொரு கட்சி. மூன்றாம் பாகமான மாரோவிண்டில் 27 திறன்கள், அப்ளிவியனில் 21, ஸ்கைரிமில் 18 என்று தேய்ந்துவந்த கணக்கைப் போட்டு, ஆறாம் பாகத்தில் ஓடுவது, அடிப்பது, வாங்குவது ஆகிய மூன்றுதான் மிஞ்சும் என்று ஜோசியம் சொன்னவர்களும் எங்களுள் உண்டு. வெறும் 36 விநாடியைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தால் மெழுகுவத்தியில்தான் போய் நிற்கும்.

இத்தனைக்கும் மருந்து தங்கள் அலமாரியிலேயே இருக்கிறது என்பதுதான் எங்கள் ஆற்றாமை. ஃபால்அவுட் 4ஐ 2015 ஜூனில் அறிவித்தீர்கள், நவம்பர் 10இல் கையில் தந்தீர்கள். புதுப்பித்த அப்ளிவியனை 2025 ஏப்ரல் 22இல் காட்டினீர்கள், அன்றே விற்றீர்கள். சில நாட்களிலேயே 40 லட்சம் பேர் ஆடியதாகத் தாங்களே அறிவித்தீர்கள். அப்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோமா? இல்லை. திக்கித் திக்கி ஓடுகிறது என்றோம், பழைய பக் அப்படியே இருக்கிறது என்றோம். ஆனால் கையிலிருந்த பொருளைப் பற்றிச் சொன்னோம். அது குறை. திருத்தலாம், பேட்ச் போடலாம். இல்லாத பொருளைப் பற்றி வருவதுதான் சந்தேகம். அதற்கு எந்தப் பேட்ச்சும் கிடையாது. காட்டுவதற்கும் தருவதற்கும் நடுவே தாங்கள் விடும் தரிசில் முளைக்கிற களை அது. விதைத்தவர்கள் நாங்கள் அல்ல.

வேடிக்கையை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறோம். ஸ்கைரிமை ஆடிக்காட்டியே உலகப் புகழ் பெற்ற, எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். அவரை ஆறாம் பாகத்தில் ஒரு பாத்திரமாக வைக்கவேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டோம். 2019இல் தாங்களும் ஒப்புக்கொண்டீர்கள். கேம் வரும்போது தான் இருக்கமாட்டேன் என்று அவரே சாதாரணமாகச் சொல்லிவிட்டார். 2025இல் ஓர் அறக்கட்டளை ஏலத்தில், இறந்துபோன நண்பர் ஒருவரின் நினைவாக ஒரு பாத்திரம் இடம்பெறவேண்டும் என்று ரசிகர்கள் காசு சேர்த்து ஏலம் கேட்டார்கள். இன்னும் வராத ஒரு நாட்டில் வேண்டியவர்களுக்கு இடம் பிடித்து வைக்கிறவர்களை எதிரிகள் என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளைக் கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

1. அடுத்த முன்னோட்டத்தில் மலை வேண்டாம். ஒரு சிற்றூரின் கடைக்காரர் ஒருவரைக் காலை முதல் இரவு வரை வெட்டாமல் ஒட்டாமல் காட்டவும். அவர் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. அதையும் காட்டவும்.

2. எதன் எத்தனை மடங்கு என்று சொல்லமுடியாத மடங்குகளைத் தவிர்க்கவும்.

3. நண்டு இருக்கட்டும். அதைப் பற்றிப் பேச ஊருக்கு ஒருவர் போதும்.

4. வழிப்பறிக்காரர்களின் வருமானத்துக்கும் உடைக்கும் பொருத்தம் பார்க்கவும்.

5. பை தருவதாக இருந்தால், துணியை முதலில் வாங்கிவிட்டு விளம்பரத்தைப் பிறகு அச்சடிக்கவும்.

6. இனி எதைக் காட்டினாலும் காட்டியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் தரவும். தர இயலாதென்றால் காட்டாமல் இருக்கவும். எங்களால் சும்மா இருக்க முடியும். ஒன்றும் தெரியாதபோது நாங்கள் மிக நல்லவர்கள்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்யமாட்டோம் என்று சத்தியம் செய்தோர் சங்கம்.

இணைப்பு: உறுப்பினர்களின் முன்பதிவு ரசீதுகள்.

நகல்: மைக்ரோசாஃப்ட் நிறுவனம். 750 கோடி டாலருக்குத் தங்கள் தாய் நிறுவனத்தையே வாங்கியவர்கள் என்ற முறையில், அவர்களும் எங்களைப் போல டிரெய்லரை நம்பிக் காசு கட்டியவர்கள் என்பதால்.