மார்ச்சில் பொங்கும் தாய்ப்பாசம்

வைப்புநிதி வட்டிக்கு வரி கட்டிக் கட்டி அலுத்துப்போய் ஆடிட்டரிடம் போனேன். "பணத்தை மனைவி பேருக்கு மாத்திடலாமா சார்?" என்றேன். சிரித்தார். அப்போது நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64-வது பிரிவு அதற்கு முன்பே வேலி போட்டுவிட்டதாம். மனைவிக்குக் கொடுத்தாலும் மருமகளுக்குக் கொடுத்தாலும் வட்டிக்கான வரி நம் தலையில்தான் விடியும்.

"அம்மா இருக்காங்களா?"

இந்தக் கேள்வியை என்னிடம் இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. பெற்றவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை அந்தப் பிரிவு கண்டுகொள்ளவில்லை. அம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது. 60 தாண்டியவர். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று அப்போதைய 15எச் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் வங்கி வரி பிடிக்காது. மாதக்கணக்கில் போன் செய்யாத பிள்ளைகள் மார்ச் கடைசியில் இனிப்போடு ஊருக்குப் போவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

இது நியாயமா? 1985-இல் மெக்டவல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி வரி தவிர்ப்பைக் காய்ச்சி எடுத்தார். 2003-இல் அதே உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குள் நின்று திட்டமிடுவது குற்றமில்லை என்றது. நான் இரண்டாவது தீர்ப்பை மட்டும் படித்துக்கொண்டேன்.

பணம் அம்மா பேருக்குப் போய்ச் சேர்ந்தது. ரசீது மட்டும் என் பீரோவில். போன வாரம் அம்மா, முதல் வருட வட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆடிட்டரைக் கேட்டேன். சட்டப்படி அது அம்மாவின் பணமாம்.